தட்டின் அடிப்பக்கம்

ஆபரேஷன் தியேட்டரில் இருபத்தோரு வருஷம் நின்றவளுக்கு ரத்தத்தைப் பார்த்தால் ஒன்றும் ஆகாது. சீழ், எலும்புத்தூள், வாளிக்குள் தொப்பென்று விழும் கொழுப்பு, எதற்கும் முகம் சுளிக்காது. தியேட்டர் நர்ஸான நம் சிஸ்டரும் அப்படித்தான். லிஃப்ட் ரிப்பேர் வேலை பார்க்கும் அவள் கணவர், வீட்டில் எலி செத்துக் கிடந்தால் தெருமுனை வரைக்கும் போய் நின்றுகொள்வார். இவள்தான் வாலைப் பிடித்துத் தூக்கிப் போடுவாள். "உனக்கு எதைப் பாத்தாலும் குமட்டவே குமட்டாதா?" என்று கேட்பார். "உங்க சாக்ஸைப் பாத்தா குமட்டும்" என்பாள்.

அப்படிப்பட்டவள் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் ஒன்றரை மணிக்குத் தியேட்டரை விட்டு வெளியே வந்து, கை கழுவும் தொட்டியில் குனிந்து வாந்தி எடுத்தாள். காலையில் குடித்த டீயைத் தவிர வயிற்றில் ஒன்றும் இல்லை. அது போய், வெறும் பித்தம் வந்தது. குமட்ட வைத்தவை இரண்டு. ஓர் உலோகத் தட்டு, ஒரு பெண் சொன்ன நன்றி.

அது ஏன் என்று புரிய, அவள் வேலை என்ன என்று சொல்ல வேண்டும்.

தேய்ந்த முழங்காலை மாற்றும்போது, தொடை எலும்பின் நுனியில் ஓர் உலோகத் தொப்பியும், கீழ்க்கால் எலும்பின் தலையில் ஓர் உலோகத் தட்டும் வைப்பார்கள். அவற்றை எலும்போடு பிடித்து வைப்பது சிமெண்ட். வீடு கட்டும் சிமெண்ட் இல்லை. பாக்கெட்டில் பொடி, கண்ணாடிக் குப்பியில் திரவம். இரண்டையும் கலந்தால் முதலில் பசை, பிறகு மாவு, பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் கல். நெயில் பாலிஷும் பெயிண்டும் சேர்ந்து எரிவதுபோல் ஒரு நாற்றம் வரும், தலைமுடியில் ஏறிக்கொண்டு வீடு வரை கூடவே வரும். பசையாக இருக்கும்போதே தட்டின் அடியில் பூசி, எலும்பில் பூசி, அழுத்திவிட வேண்டும். விட்டால் மேலே தோல் கட்டிவிடும். தோல் கட்டிய சிமெண்டும் இடத்தை அடைக்கும், எக்ஸ்ரேயில் பார்க்க அழகாகவே இருக்கும். ஆனால் உலோகத்தைப் பிடிக்காது.

கலக்குவது சிஸ்டரின் வேலை. கலக்க ஆரம்பித்ததிலிருந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நிமிஷம் சொல்வதும் அவள் வேலை. "ஒண்ணு... ரெண்டு... ரெண்டரை, சார்." அதனால் பெரிய டாக்டர் அவளுக்கு 'மணிக்கூண்டு' என்று பெயர் வைத்தார். மூன்று மாதத்தில் ஆஸ்பத்திரி முழுக்க அதுவே அவள் பெயரானது. கேன்டீனில்கூட, "மணிக்கூண்டுக்கு ஒரு டீ" என்பார்கள்.

பெரிய டாக்டரை எல்லோருக்கும் பிடிக்கும். எப்போதும் வாயில் ஒரு புதினா மிட்டாய். நோயாளியின் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்து, கன்னத்தில் தட்டி, "நடக்க வைக்கிறேன், ஓட வைக்கிறேன், ஓட்டப்பந்தயத்துக்குப் பேர் குடுத்துட்டு வாங்க" என்பார். வாசனையான மனிதர். தான் மாற்றிய முழங்கால்களை 'என் பிள்ளைங்க' என்பார். ஒரு நாளில் ஐந்து பிள்ளைகள் பிறக்கும்.

அந்தப் பிள்ளைகளில் ஒன்று இஸ்திரி அக்காவுடைய வலது முழங்கால்.

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், பாய்லர் அறைக்குப் பக்கத்தில் சலவைக்கூடம். இஸ்திரி அக்கா அங்கே முப்பது வருஷமாக நின்றுகொண்டு தேய்க்கிறவள். ஐம்பத்தெட்டு வயது, கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். ஆவியில் வெந்து சிவந்த முழங்கை வரை எப்போதும் ஈரம். தினமும் காலை ஏழு மணிக்குத் தியேட்டர் அங்கிகளை வாங்கிப் போக சிஸ்டர் கீழே இறங்குவாள். "வாடி தங்கச்சி, உன் டாக்டருங்க நேத்து என்ன பண்ணாங்க, அங்கியெல்லாம் கறையா இருக்கு, ஆபரேஷன் பண்ணாங்களா, அடிதடி பண்ணாங்களா?" என்று அக்கா ஆரம்பித்துவிடுவாள். சிஸ்டருக்கு அந்த ஐந்து நிமிஷம் நாளைத் தொடங்கி வைக்கும் மருந்து.

இரண்டு வருஷத்துக்கு முன் அந்த முழங்காலைப் பெரிய டாக்டர் மாற்றினார். மூன்றாவது மாதத்திலிருந்து வலி. அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் முட்டிக்குக் கீழே ஒரு குத்து. அக்கா போய்ச் சொன்னாள். அவர் கன்னத்தைத் தட்டினார். "எடையைக் குறைங்க. நாள் பூரா நின்னா தங்கக் காலும் வலிக்கும்." ஆறாவது மாதம் போனாள். "எல்லாம் மனசுலதான் இருக்கு. எக்ஸ்ரே பாருங்க, படம் மாதிரி இருக்கு." வருஷம் திரும்பியபோது, அக்கா வருவது தெரிந்தாலே வேறு அறைக்குப் போய்விட ஆரம்பித்தார்.

சிஸ்டரும் சொன்னாள். இதை அவள் பின்னால் பலமுறை நினைத்துப் பார்த்தாள். காலை ஏழு மணிக்கு, அங்கிகளை வாங்கிக்கொண்டு, மேஜையைப் பிடித்துப் பிடித்து நடக்கும் அக்காவைப் பார்த்து, "கொஞ்சம் எடையைக் குறைங்கக்கா" என்று அவளும்தான் சொன்னாள். அப்போது அக்கா சட்டென்று நிமிர்ந்து அவளைப் பார்த்துவிட்டு, மறுபடி தேய்க்கக் குனிந்துகொண்டாள்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த சின்ன டாக்டர்தான் கண்டுபிடித்தவள். முப்பத்தாறு வயது, மெல்லிய உருவம், யாரையும் கன்னத்தில் தட்டாதவள். அக்காவை நிற்க வைத்து, வேறு கோணத்தில் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னாள். தட்டுக்கும் சிமெண்டுக்கும் நடுவில், பென்சிலால் இழுத்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு. மூட்டுக்குள் ஊசி விட்டு நீரை எடுத்துச் சோதித்தாள், கிருமி இல்லை. "தட்டு கழண்டிருக்கு. பழசை எடுத்துட்டுப் புதுசு வைக்கணும்" என்றாள்.

பெரிய டாக்டர் சிரித்தார். "என் பிள்ளை, நான்தான் பாக்கணும். நீ கூட நில்லு."

ஆபரேஷனுக்கு முதல் நாள் அக்கா மயக்க டாக்டரிடம் ஒரே ஒரு விஷயம் கேட்டாள். "போன தடவை இடுப்புக்குக் கீழதான் மரக்க வச்சீங்க. இந்தத் தடவை என்னை முழுசாத் தூங்க வச்சுடுங்க." பயந்திருக்கிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கத்தி வைத்தார்கள். மேஜையைச் சுற்றிப் பெரிய டாக்டர், சின்ன டாக்டர், சிஸ்டர். ஓரத்தில், மூட்டுக் கம்பெனியிலிருந்து வந்தவர் தன் பெட்டிகளுடன். அவர் டாக்டர் இல்லை, ஆனால் எந்தப் பெட்டியில் எந்த அளவு இருக்கிறது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். பழைய தழும்பின் மேலேயே கீறித் திறந்ததும், சிலேட்டைக் கழுவிவிட்ட தண்ணீர் மாதிரி ஒரு கறுத்த நீர் வழிந்தது. உலோகம் உரசி உரசி வந்த கறுப்பு. சிஸ்டர் முகம் மாறாமல் உறிஞ்சுகுழாயைப் பிடித்தாள்.

தொடை எலும்பிலிருந்த தொப்பி நன்றாகப் பிடித்திருந்தது. புது ஜோடி வைக்க வேண்டுமென்றால் அதையும் எடுத்தாக வேண்டும். மெல்லிய ரம்பம், உளி, சுத்தியல், அரை மணி நேரம் ஆயிற்று. பெரிய டாக்டரின் நெற்றி வியர்த்தது. "பாத்தீங்களா, என் கைவேலை. வர மாட்டேங்குது" என்றார்.

பிறகு கீழ்த் தட்டு. சிஸ்டர் உளியை நீட்டினாள். தேவைப்படவில்லை. அவர் இரண்டு விரலால் பிடித்து இழுத்தார், பவுடர் டப்பாவின் மூடி மாதிரி கழன்று வந்தது.

அவள் கிண்ணத்தை நீட்ட, அவர் அதைத் தலைகீழாகப் போட்டார். அடிப்பக்கம் மேலே பார்த்துக் கிடந்தது. சிமெண்ட் கவ்வ வேண்டும் என்பதற்காகவே சொரசொரப்பாகச் செய்த அடிப்பக்கம். அதில் சிமெண்ட் ஒரு துளிகூட இல்லை. அச்சடித்த எண்களைக் கண்ணாடி போடாமலே படிக்கலாம். எலும்பின் மேல் சிமெண்ட் அப்படியே கெட்டியாக உட்கார்ந்திருந்தது. அதன் முகத்தில் அதே எண்கள் இடம்வலம் மாறிப் பதிந்திருந்தன, பளபளவென்று.



"பாத்தீங்களா?" என்றார் பெரிய டாக்டர். "எலும்பு சரியில்ல. ரொம்ப வீக்கு. என்ன பண்ண முடியும்?"

சின்ன டாக்டர் கிண்ணத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "எலும்பு சிமெண்டைப் பிடிச்சுத்தான் இருக்கு சார். சிமெண்ட்தான் தட்டைப் பிடிக்கல."

"அது உன் அபிப்பிராயம்."

கம்பெனிக்காரர் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டார். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

சிஸ்டருக்கு இரண்டு வருஷத்துக்கு முந்தைய அந்த முதல் ஆபரேஷன் நேரம் அப்படியே கண் முன்னால் வந்து நின்றது. இதே மேஜை, இதே அக்கா, இதே முழங்கால். அவள் சிமெண்ட் கலந்துவிட்டாள். "ரெண்டு, சார்." அந்த நேரம் பார்த்து அவருக்கு போன். வயதான அட்டெண்டர் ஒருவர் போனை அவர் காதோரம் பிடித்துக்கொண்டு நின்றார். புது வீட்டுக்கு எந்தக் கல் பதிப்பது என்று பேச்சு. "மூணு, சார். ...நாலு, சார்." அவர் கண்ணால் 'இரு' என்றார். "அஞ்சரை ஆச்சு சார், தோல் கட்டுது, வேற பாக்கெட் கலந்துடட்டுமா?" அவர் போனுக்கு அப்பால் இருந்தவரிடம், "ஒரு நிமிஷம், இங்க எங்க மணிக்கூண்டு அடிக்குது" என்று சொல்லிச் சிரித்தார். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஒன்பதாவது நிமிஷம் தட்டை வைத்துச் சுத்தியலால் தட்டினார். "அதெல்லாம் பிடிக்கும்" என்றார்.

இப்போது அவர் பழைய சிமெண்டைத் துண்டு துண்டாகப் பெயர்த்து எடுத்துக்கொண்டிருந்தார். அது போனதும் கீழே தெரிந்ததைப் பார்த்துச் சின்ன டாக்டர் உதட்டைக் கடித்தாள். இரண்டு வருஷம் தட்டு ஆடி ஆடி உரசிய தூள் சிமெண்டின் ஓரம் வழியாக இறங்கி, விளிம்பை மட்டும் விட்டுவிட்டு எலும்பின் தலையை உள்ளே அரித்திருந்தது. ஒரு எலுமிச்சம்பழத்தை வைக்கலாம் போல ஒரு பள்ளம். பள்ளத்தின் சுவர் தேய்ந்து, பீங்கான் மாதிரி வழவழவென்றிருந்தது.

"ரெண்டு பாக்கெட் சிமெண்டை ரொப்பி, சின்னக் கம்பியா ஒண்ணு வச்சு மூடிடலாம்" என்றார் பெரிய டாக்டர். "ஒரு மணிக்கு எனக்கு மீட்டிங்."

"பிடிக்காது சார்." சின்ன டாக்டரின் குரல் உயரவே இல்லை. "சிமெண்ட் கவ்வணும்னா எலும்புல ஸ்பாஞ்ச் மாதிரி ஓட்டை இருக்கணும். இங்க எல்லாம் மழுங்கிப் போச்சு. வழுக்கிடும். பள்ளத்துக்குள்ள கூம்பு வைக்கலாம். நீளமான கம்பியை எலும்புக் குழாய்க்குள்ள இறுக்கமா இறக்கலாம். சிமெண்ட் மேல தட்டுக்கு அடியில மட்டும் போதும்."

"கூம்பெல்லாம் இங்க யாருகிட்ட இருக்கு?"

கம்பெனிக்காரர் தொண்டையைச் செருமினார். "கொண்டாந்திருக்கேன் சார். மேடம் போன வாரமே சொல்லிட்டாங்க."

பெரிய டாக்டர் கம்பெனிக்காரரைப் பார்த்த பார்வையில், அவர் தன் பெட்டிக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் ஒதுங்கினார். பிறகு பெரிய டாக்டர் மறுபடி சிரித்தார். அந்தச் சிரிப்பு முகமூடிக்கு மேலே கண்களில் தெரிந்தது. "சரிம்மா. உனக்குத்தான் எல்லாம் தெரியுதே, நீயே பண்ணு. மாட்டிக்கிட்டா என்னைக் கூப்பிடாத." கையுறைகளை உரித்துத் தரையில் போட்டார். வாளி ஒரு அடி தூரத்தில்தான் இருந்தது.

கதவருகே நின்று திரும்பினார். "மணிக்கூண்டு, நோட்டுல 'எலும்பு பலவீனம்'னு எழுதிடு. அந்தத் தட்டை வேஸ்ட்ல போட்டுடு." ஒரு கண்ணைச் சிமிட்டினார். நமக்குள் எல்லாம் சரிதானே என்கிற சிமிட்டல்.

சின்ன டாக்டர் ஒரு பெருமூச்சுகூட விடவில்லை. "தட்டைப் போட்டுடாதீங்க சிஸ்டர். படம் எடுத்து வைக்கணும்" என்றாள். பிறகு வேலையைப் பார்த்தாள். நுண்துளைகள் நிறைந்த சாம்பல் நிற உலோகக் கூம்பைப் பள்ளத்துக்குள் வைத்து மெல்ல மெல்லத் தட்டி இறக்கினாள். எலும்பு நாளடைவில் அந்தத் துளைகளுக்குள் தானே வளர்ந்து பிடித்துக்கொள்ளும். பிறகு கம்பி. ஒவ்வொரு தட்டுக்கும் சத்தம் மாறிக்கொண்டே போனது. முதலில் பொத் பொத், அப்புறம் டொக் டொக், கடைசியில் கணீரென்று ஒரு சத்தம். "இறுகிடுச்சு" என்றாள். சிஸ்டர் சிமெண்ட் கலந்தாள். "ஒண்ணு, டாக்டர். ...ரெண்டு." மூன்று சொல்வதற்குள் தட்டு இடத்தில் இருந்தது, ஓரத்தில் பிதுங்கிய சிமெண்ட் கையுறையில் இன்னும் நூலாக ஒட்டிக்கொண்டிருந்தது.

எல்லாம் முடிந்து, தட்டைக் கழுவிப் படமெடுத்துப் பையில் போட்டுவிட்டுச் சிஸ்டர் வெளியே வந்தாள். தாழ்வாரத்தில் பெரிய டாக்டர் நின்றிருந்தார். மீட்டிங் முடிந்துவிட்டதோ, இல்லையோ. எதிரே இஸ்திரி அக்காவின் மகள், தபால் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள், சீருடையோடு வந்து நின்றிருந்தாள்.

"அம்மா உடம்பைப் பாத்துக்கவே இல்லம்மா. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். "எலும்பு பஞ்சு மாதிரி ஆயிடுச்சு. எப்படியோ காப்பாத்திட்டேன். என் கூடப் பிறந்த அக்கா மாதிரி நினைச்சுத்தான் பண்ணேன்."

மகள் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. "ரொம்ப நன்றி டாக்டர். நீங்க இல்லன்னா நாங்க என்ன பண்ணியிருப்போம்."

அவர் அவள் கன்னத்தில் தட்டினார். புதினா வாசனை தாழ்வாரம் முழுக்க அடித்தது.

அப்போதுதான் சிஸ்டர் கை கழுவும் தொட்டியிடம் ஓடினாள்.

வாயைக் கொப்பளித்துவிட்டு அவள் நேராகப் போனது பதிவேடு வைக்கும் அலமாரிக்கு. இரண்டு வருஷத்துக்கு முந்தைய நோட்டை எடுத்து, அந்தப் பக்கத்தைப் புரட்டினாள். சிமெண்ட் கலந்த நேரம் 10.42. தட்டு வைத்த நேரம் 10.45. அவளுடைய கையெழுத்து. ஒன்பது நிமிஷத்தை மூன்று நிமிஷமாக்கியது யார் சொல்லி என்று அவளுக்கு ஞாபகம் வந்தது. "பத்து நாப்பத்தஞ்சுன்னு போட்டுக்கோ" என்றுதான் அவர் சொன்னார். அடுத்த கேஸுக்குத் துணி மாற்றும் அவசரத்தில் அவள் போட்டுவிட்டாள். அழகான எழுத்து. ஐந்தின் வாலைக்கூட வளைத்திருந்தாள்.

இத்தனை நேரம் அவர்மேல் இருந்த அருவருப்பு இப்போது எங்கே போய் உட்கார்வது என்று தெரியாமல் அவள் மேலேயே வந்து உட்கார்ந்தது. அன்று வீட்டில் இரண்டு முறை குளித்தாள். சிமெண்ட் நாற்றம் போகவில்லை என்று கணவரிடம் சொன்னாள். அவர் முகர்ந்து பார்த்து, "சோப்பு வாசனைதான் வருது" என்றார். அவளிடமிருந்து முழுக்கதையையும் கேட்டுவிட்டு, அவர் அவள் பக்கம் திரும்பினார். "லிஃப்ட்டுல கயிறு சரியில்லன்னு தெரிஞ்சும் நான் சரின்னு கையெழுத்துப் போட்டா, நீ என்னை என்ன சொல்லுவ?"

"வீட்டுக்குள்ள விட மாட்டேன்."

"அப்ப சொல்லிடு. அந்தம்மாகிட்ட முதல்ல."

நான்காம் நாள் மதியம், மகள் மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில், சிஸ்டர் வார்டுக்குப் போனாள். அக்கா தலையணையில் சாய்ந்திருந்தாள். கட்டுப்போட்ட காலைச் சின்ன டாக்டர் அன்று காலை ஊன வைத்திருந்தாள்.

"வாடி தங்கச்சி" என்றாள் அக்கா. "கீழ யாரு தேய்க்கிறா? ஓரமெல்லாம் மடங்கியிருக்கு பாரு உன் அங்கி."

சிஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்தாள். எப்படிச் சொல்ல வேண்டும் என்று படிக்கட்டு முழுக்கக் கோத்துக்கொண்டு வந்த பேச்செல்லாம் உதிர்ந்துவிட்டது. "அக்கா, உங்க எடைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்று ஆரம்பித்து, போன், கல் பேச்சு, ஒன்பது நிமிஷம், சுத்தமான அடிப்பக்கம், நோட்டில் போட்ட பொய் நேரம் எல்லாவற்றையும் முன்பின்னாகச் சொல்லி முடித்தாள். முடித்தபோது அக்காவின் முகத்தில் ஆச்சரியம் இல்லை.

"கேட்டுச்சு" என்றாள் அக்கா.

"என்னக்கா?"

"இடுப்புக்குக் கீழதான மரத்திருந்துச்சு. காது மரக்கலையே. மூணு, நாலுன்னு நீ சொன்னது கேட்டுச்சு. வேற பாக்கெட் கலக்கவான்னு கேட்டது கேட்டுச்சு. எல்லாரும் சிரிச்சது கேட்டுச்சு. எனக்கு அது என்னன்னு தெரியாது. என் காலைப் பத்தி ஏதோன்னு மட்டும் தெரிஞ்சுது." தண்ணீர் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தாள். "வலி வந்தப்புறம் நினைச்சேன், தங்கச்சி தினம் வருதே, அதுவா சொல்லும்னு. நானா கேட்டா உனக்கு வேலைக்குச் சங்கடம் ஆயிடுமோன்னு கேக்கல. நீ வந்து எடையைக் குறைங்கன்னு சொன்ன."

சிஸ்டரால் நிமிர முடியவில்லை. "தப்புத்தான் அக்கா. என்னை மன்னிச்சுடுங்க."

அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தாள். வெளியே ஆம்புலன்ஸ் ஒன்று பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது.

"இதை எழுதித் தருவீங்களா, சிஸ்டர்?"

அந்த 'நீங்க'வும் அந்த 'சிஸ்டரும்' கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தன. பதினெட்டு வருஷப் பழக்கத்தில் அக்கா அவளை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. "தரேன்" என்றாள்.

"நோட்டுல நீங்க பொய் எழுதினதையும் சேத்து."

"அதையும் சேத்துத்தான்."

"சரி. போயிட்டு வாங்க. கால் வலிக்குது."

எழுதினாள். ஒன்றரைப் பக்கம். நிர்வாகியிடம் நேரிலேயே கொடுத்தாள். அவர் படித்துவிட்டு, "உங்க வேலைக்கே உலை வைக்கிற மாதிரி நீங்களே எழுதியிருக்கீங்களே, கொஞ்சம் யோசிக்கலாமே" என்றார். "ரெண்டு வருஷம் யோசிச்சாச்சு சார்" என்றாள்.

மூன்று பேர் கொண்ட விசாரணை நடந்தது. நிர்வாகி, தலைமை நர்ஸ், வெளி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஒரு மூட்டு டாக்டர். பெரிய டாக்டர் மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு பேசினார். சிமெண்ட் சில சமயம் அப்படித்தான் என்றார். நர்ஸ் சொல்லும் நேரத்தை டாக்டர் எப்படிச் சரிபார்க்க முடியும் என்றார். "அந்தப் பொண்ணே ஒத்துக்குது, நோட்டுல எழுதினது பொய்னு. அப்ப இப்ப எழுதினது மட்டும் நிஜம்னு எப்படி நம்புவீங்க?" என்று கேட்டபோது, அவள் பக்கம் திரும்பிப் புன்னகை செய்தார், வருத்தமே இல்லாமல். சிஸ்டருக்கு அவரை அடிக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அவர் தொட்ட கைப்பிடியைத் தொடாமல் வெளியே போக வேண்டும் என்றுதான் தோன்றியது.

வெளியிலிருந்து வந்த டாக்டர் அதிகம் பேசாதவர். சின்ன டாக்டர் எடுத்த படத்தையும் பையிலிருந்த தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். கையில் எடுத்துத் திருப்பினார். நகத்தால் அடிப்பக்கத்தைச் சுரண்டினார். "இது மத்தவங்க சொல்லித் தெரிய வேண்டியதில்ல" என்றார். பிறகு பெரிய டாக்டரின் கடைசி மூன்று வருஷத்துப் பிள்ளைகளையெல்லாம் வரவழைத்து, நிற்க வைத்து எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். இன்னும் பதினோரு பேருக்கு அந்தக் கறுப்புக் கோடு இருந்தது.

அவருக்கு ஆபரேஷன் செய்ய ஆறு மாதத் தடை என்று முடிவானது. சிஸ்டருக்கு எழுத்தில் ஒரு கண்டிப்பு, பதவி உயர்வு நிறுத்தம். தடை முடிவதற்குள் பெரிய டாக்டர் ராஜினாமா கொடுத்துவிட்டார். அவருக்குப் பிரிவுபசார விழா நடந்தது. கேக் வெட்டினார்கள். பதினோரு பேரில் இரண்டு பேர் பூங்கொத்தோடு வந்திருந்தார்கள் என்று சிஸ்டர் கேள்விப்பட்டாள். அவளைக் கூப்பிட்டார்கள், அவள் போகவில்லை. நகரின் மறுபக்கத்தில் புது ஆஸ்பத்திரி ஒன்றில் அவர் சேர்ந்துவிட்டார் என்றும், வாசலில் அவர் படம் பெரிதாக வைத்திருக்கிறார்கள் என்றும் கம்பெனிக்காரர் வந்து சொன்னார். சொல்லிவிட்டு, அந்த ஆஸ்பத்திரிக்கும் தான்தான் பெட்டி கொண்டு போவதாக, அவள் கேட்காமலே சேர்த்துக்கொண்டார். சிஸ்டர் கையுறைப் பெட்டியை எடுத்து வேறு பக்கம் வைத்தாள்.

அந்தப் பதினோரு பேரையும் சின்ன டாக்டர் ஒவ்வொருவராக மேஜைக்குக் கொண்டுவந்தாள். ஏழு பேருக்கு நீளக் கம்பியும் மேலே சிமெண்டும் போதுமாக இருந்தது. மூன்று பேருக்குக் கூம்பு வைக்க வேண்டியதாயிற்று. ஒரு கிழவர், "இருக்கிற நாளுக்கு இதுவே போதும்" என்று வர மறுத்துவிட்டார். ஒவ்வொரு தட்டும் கழன்று வரும்போது சிஸ்டர் கிண்ணத்தை நீட்டினாள். ஒவ்வொன்றின் அடிப்பக்கத்தையும் பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம், ஆனால் பார்த்தாள். அந்தப் பதினோரு பேரில் எத்தனை பேருக்கு அவள் நோட்டில் அவர் சொன்ன நேரத்தை எழுதியிருந்தாள் என்று தேடிப் பார்த்தாள். ஆறு பேருக்கு. அதையும் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். நிர்வாகி வாங்கி மேஜை இழுப்பறையில் போட்டுக்கொண்டார்.

இஸ்திரி அக்காவின் கால் நன்றாகவே பிடித்துக்கொண்டது. ஒரு வருஷம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் கூம்பைச் சுற்றி எலும்பு வெள்ளையாக நெருங்கி வந்திருந்ததைச் சின்ன டாக்டர் பென்சிலால் காட்டினாள். அக்கா படிக்கட்டில் இறங்குகிறாள், பேருந்தில் ஏறுகிறாள். நின்று தேய்க்கும் வேலைக்குப் பதிலாக, மடிக்கிற மேஜையில் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மாற்றியிருக்கிறார்கள். எடை மட்டும் குறையவில்லை.

சிஸ்டர் இப்போதும் காலை ஏழு மணிக்குக் கீழே இறங்குகிறாள். வேறு யாரையாவது அனுப்பலாம் என்று தலைமை நர்ஸ் சொன்னாள், அவள் கேட்கவில்லை. வேலைக்குத் திரும்பிய முதல் நாள் அக்கா வேறு பக்கம் திரும்பிக்கொண்டு மடித்துக்கொண்டிருந்தாள், சலவைக்கூடத்தின் இன்னொரு பெண்தான் அங்கிகளைக் கொடுத்தாள். ஒரு மாதம் அப்படியே போனது. பிறகு ஒரு நாள் அந்தப் பெண் வரவில்லை. அக்கா எழுந்து, பிடிமானம் இல்லாமல் நான்கு அடி நடந்து வந்து, அங்கிக் கட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"நாப்பத்திரெண்டு இருக்கு. எண்ணிப் பாத்து எடுத்துக்கோங்க."

பதினெட்டு வருஷத்தில் அங்கே யாரும் எண்ணியதில்லை. சிஸ்டர் கட்டை அவிழ்த்து, அக்கா பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒவ்வொன்றாகத் தூக்கி எண்ணி வைத்தாள். நாற்பத்திரண்டு இருந்தது. "சரியா இருக்கு" என்றாள். அக்கா தலையசைத்துவிட்டுத் தன் நாற்காலிக்குத் திரும்பிப் போனாள்.